கனமான மர வேலை மெஷின்களை வீட்டுப் பட்டறைக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: மூடப்போகும் ஒரு பட்டறையிலிருந்து மூன்று பழைய மெஷின்களை வாங்கியிருக்கிறீர்கள். 12 அங்குல சர்ஃபேஸ் பிளேனர் (பலகையின் முகத்தை நேராக இழைப்பது), சுமார் 400 கிலோ. 20 அங்குல பேண்ட்சா (இரண்டு சக்கரங்களில் ஓடும் வளையப் பிளேடு கொண்ட ரம்பம்), 300 கிலோ, உயரம் 1.9 மீட்டர். கேபினட் வகை டேபிள் சா (பெட்டி மேல் உள்ள தட்டில் வட்ட ரம்பம் நீட்டியிருப்பது), 220 கிலோ. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறைக்குப் போகும் வழி முழுக்க ஜல்லி. வாசலில் 150 மி.மீ. உயரத்தில் 2 படிகள். கதவு அகலம் 850 மி.மீ. உதவிக்கு 2 நண்பர்கள் இருக்கிறார்கள். பெரிய கிரேன் இல்லாமல், யாருக்கும் அடிபடாமல் இவற்றை உள்ளே கொண்டுபோக முடியுமா?

முடியும். ஆனால் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தூக்கிவிடலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். 400 கிலோவை நான்கு பேர் பிடித்தால் தலைக்கு 100 கிலோ என்று கணக்கு வரும். நடைமுறையில் அப்படிப் பிரியாது. ஒருவர் படியில் கால் வைக்கும் அந்த நொடியில் பாரம் கீழே நிற்பவர் பக்கம் சாயும். ஒருவருக்குக் கை வழுக்கினால் மீதிப்பேர் தாங்க முடியாது. மெஷின் நகர்த்தும்போது நடக்கும் மோசமான விபத்துகள் பெரும்பாலும் இப்படித் தூக்கும்போதோ, உயரமான மெஷின் சாயும்போதோதான் நடக்கின்றன. அதனால் இந்த வேலைக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: மெஷினின் அடிப்பாகத்துக்கும் அதைத் தாங்கும் பரப்புக்கும் நடுவே எப்போதும் 5 செ.மீ.க்கு மேல் வெற்றிடம் இருக்கக் கூடாது. நெம்பலாம், உருட்டலாம், இழுக்கலாம். பாரம் ஆள் கையில் வரக் கூடாது.

உருட்டுவது எவ்வளவு சுலபம் என்பதைச் செய்து பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள். 400 கிலோ மெஷினை மரக்கட்டை மேல் வைத்துக் கான்கிரீட்டில் இழுத்தால், உராய்வுக்கே ஏறக்குறைய அதன் எடையில் பாதி அளவு விசை வேண்டும். அதே கட்டைக்கு அடியில் இரும்பு பைப் உருளைகளைக் கொடுத்து, சமமான கெட்டித் தரையில் தள்ளினால் எடையில் சில சதவீதம் போதும். 10 முதல் 20 கிலோ விசைக்கு அது நகர்ந்துவிடும். அதாவது ஒரே ஆள் தள்ளலாம். எனவே எடையைப் பார்த்து ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது உயரத்தைப் பார்த்து.

உங்கள் பேண்ட்சாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை மையம் தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்றும், அடிப்பாகம் 500 மி.மீ. அகலம் என்றும் வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் வெறும் 14 டிகிரி சாய்ந்தால் அது தானாக விழும். உச்சியில் கை வைத்துத் தள்ளினால், சாய்க்கத் தேவைப்படும் விசை 40 கிலோதான். 300 கிலோ எடையுள்ள பொருளை ஒரே ஆள் ஒரு தள்ளில் கவிழ்த்துவிட முடியும் என்றால், உருளை ஒரு ஜல்லியில் தடுக்கி நின்றாலும், பின்னால் இருப்பவர் அதைக் கவனிக்காமல் தள்ளிக்கொண்டிருந்தாலும் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதே பேண்ட்சாவை 800 மி.மீ. அகலமுள்ள மரச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கினால், சட்டத்தின் உயரத்தைச் சேர்த்தாலும் கவிழும் கோணம் கிட்டத்தட்ட 20 டிகிரியாக உயர்கிறது. 850 மி.மீ. கதவிலும் அது நுழையும். அதனால், பைப்போ டிராலியோ எதுவாக இருந்தாலும், மெஷினை அதன் மேல் நேரடியாக வைக்காதீர்கள். முதலில் 100 × 75 மி.மீ. கட்டைகளில் ஒரு சட்டம் செய்து, மெஷினின் காலில் இருக்கும் ஓட்டைகள் வழியாக போல்ட் போடுங்கள். இந்த அடிச்சட்டத்தை ஸ்கிட் என்பார்கள். வழி நெடுக உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். எடையைக் குறைக்கலாம் என்று பலரும் முதலில் மோட்டாரைக் கழற்றுவார்கள். 3 எச்பி மோட்டார் 25, 30 கிலோ வரும் என்பது சரிதான். ஆனால் பழைய பிளேனரிலும் பேண்ட்சாவிலும் மோட்டார் கீழே இருக்கிறது. அதைக் கழற்றினால் அடியில் இருந்த பாரம் போய் எடை மையம் மேலே ஏறிவிடும்; மெஷின் இன்னும் எளிதில் சாயும். நிமிர்ந்தபடி நகர்த்தப்போகிறீர்கள் என்றால் கீழ் மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு, மேலே இருப்பதைக் கழற்றுங்கள்.

சரி, மெஷினைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. எடை தெரியவில்லை என்றால் ஒவ்வொரு பாகமாகக் கணக்குப் போடலாம். வார்ப்பிரும்பு ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு சுமார் 7.2 கிலோ. 1000 × 300 மி.மீ. அளவில் 25 மி.மீ. கனமுள்ள ஒரு தட்டு 7.5 லிட்டர், அப்படியென்றால் 54 கிலோ. கண்ணால் பார்த்தால் சிறியதாகத் தெரியும் டேபிள் ஏன் அசைய மாட்டேன் என்கிறது என்பது இப்போது புரியும். அப்புறம் வழியை அளந்து பாருங்கள். கதவு நிலையின் அகலத்தை அளந்தால் போதாது. கதவைத் திறந்து வைத்தபின் மிச்சமிருக்கும் இடைவெளிதான் கணக்கு. கீல் பின்னைத் தட்டிக் கதவை எடுத்துவிட்டால் 30, 40 மி.மீ. கூடக் கிடைக்கும். உயரத்தையும் மறக்காதீர்கள். 1.9 மீட்டர் பேண்ட்சா, 100 மி.மீ. ஸ்கிட், 50 மி.மீ. பைப் எல்லாம் சேர்ந்தால் 2.05 மீட்டர். உங்கள் நிலை 2 மீட்டராக இருந்தால் வாசலில் வந்து சிக்கிக்கொள்வீர்கள், அதுவும் சாய்வுப் பலகை மேல். அங்கே நின்று யோசிக்கும் நிலைமை வரக் கூடாது.

இன்னொன்று, வண்டி பேசுவதற்கு முன்பே மோட்டார் நேம்பிளேட்டைப் படியுங்கள். பட்டறை மெஷின்கள் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ். வீட்டில் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் மட்டும்தான் என்றால், சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக மாற்றித் தரும் வேரியபிள் ஃப்ரீக்வன்சி டிரைவ், அதாவது விஎஃப்டி ஒன்று வைத்து ஓட்டலாம். ஆனால் சாதாரண விஎஃப்டி 230 வாங்கி 230 வோல்ட் த்ரீ ஃபேஸ்தான் தரும். பிளேட்டில் 230/400 என்று இருந்தால் மோட்டாரை டெல்டா இணைப்புக்கு (230 வோல்ட்டில் ஓடுவதற்கான உள் வயர் இணைப்பு) மாற்றிக் கொடுக்கலாம். 400/690 என்று இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். வேறு மோட்டார் மாற்ற வேண்டியிருக்கும். 400 கிலோவை உள்ளே இறக்கிய பிறகு இது தெரியவருவது மிகவும் வருத்தமான விஷயம்.

இனிக் கழற்றும் வேலை. எல்லாவற்றையும் கழற்றினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். சில இணைப்புகள் தொழிற்சாலையில் ஒரு தடவை சரிபார்த்து இறுக்கப்பட்டவை. கலைத்தால் திரும்பக் கொண்டுவருவது பெரிய வேலை. சர்ஃபேஸ் பிளேனரில் ஃபென்ஸை, அதாவது மரத்தை அணைத்துத் தள்ளும் பக்கத் தடுப்பை, எடுங்கள், அதுவே 20 கிலோவுக்கு மேல் வரலாம். கத்திகளையும் எடுத்துவிடுங்கள், அல்லது கத்திகள் பொருத்திய உருளையான கட்டர் பிளாக்கை மரத்துண்டு வைத்து மூடிக் கட்டுங்கள். இரண்டு டேபிள்களையும் மட்டும் அடிப்பாகத்திலிருந்து பிரிக்க வேண்டாம். சரிவுப் பள்ளத்தில் ஓடும் அந்த டேபிள்களுக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருக்கலாம். அவைதான் இரண்டையும் ஒரே தளத்தில் வைத்திருக்கின்றன. அதே காரணத்துக்காக டேபிளின் முனையைப் பிடித்துத் தூக்கவோ, அதில் பெல்ட் மாட்டி இழுக்கவோ கூடாது. நீளமாக வெளியே நிற்கும் அந்த முனை, கைக்கு வாகான பிடிபோலத் தெரிவதால்தான் எல்லோரும் அங்கே கை வைக்கிறார்கள். கொஞ்சம் தொங்கிப்போனாலும் அந்த மெஷின் இனி நேரான விளிம்பு தராது.

டேபிள் சா சுலபம். பிளேடு, ஃபென்ஸ், ரெயில், டேபிளை இரண்டு பக்கமும் நீட்டும் இறக்கைகள் எல்லாம் போனால் நடுவில் ஒரு பெட்டியும் தட்டும்தான் மிச்சம். இறக்கையை எடுக்கும்போது போல்ட்டுகளை முழுதாகக் கழற்றும் முன் அடியில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கேபினட் வகையில் பிளேடு பொறி பெட்டியோடு இணைந்திருக்கும், மேல் தட்டைத் தனியாக எடுக்கலாம். கண்டிப்பாகத் தேவைப்பட்டால் மட்டும் எடுங்கள். எடுத்தால் நான்கு மூலையிலும் இருக்கும் தகடுகளை எந்த மூலை என்று எழுதித் தனித்தனிக் கவரில் போட்டுவையுங்கள்.

பேண்ட்சாவில் பிளேடைத் தளர்த்திக் கழற்றி, டேபிளையும் எடுத்துவிடுங்கள். டேபிளைத் தாங்கும் வளைந்த பாகம் பல மெஷின்களில் மெல்லிய வார்ப்பு. அதில் பாரம் விழுந்தால் உடையும். சக்கரங்களை எடுக்க வேண்டியதில்லை. எந்த மெஷினாக இருந்தாலும் வயரைக் கழற்றும் முன் டெர்மினல் பெட்டியைப் போட்டோ எடுத்து, ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். வார்ப்பிரும்புப் பரப்புகளில் எண்ணெய் தடவிவிடுங்கள். மழைத்தூறல் கூட வேண்டாம், குளிரில் நின்ற இரும்பு ஈரக்காற்றில் வந்தாலே வியர்த்து ஒரே இரவில் துருப்பிடித்துவிடும்.

வாங்கிய இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் இருந்தால் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. ஆனால் எங்கே பிடித்துத் தூக்குகிறார்கள் என்பதை நீங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். அங்கேயே ஸ்கிட் போட்டுவிட்டால் ஃபோர்க் நுழைய இடமும் கிடைக்கும். செயின் பிளாக்கோ என்ஜின் தூக்கும் சிறு கிரேனோ பயன்படுத்தினால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அந்தக் கிரேனின் கையை நீட்ட நீட்ட அதன் திறன் வேகமாகக் குறையும். 2 டன் என்று எழுதியிருப்பது கை முழுதும் உள்ளே இருக்கும்போது; முழுதாக நீட்டினால் அரை டன்தான் தாங்கும் மாதிரிகள் சாதாரணம். இரண்டாவது, பெல்ட்டின் கோணம். இரண்டு கால் கொண்ட ஸ்லிங்கில், அதாவது தூக்கும் பெல்ட்டில், 400 கிலோவைத் தொங்கவிடும்போது, கால்கள் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் 230 கிலோ. 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் முழு 400 கிலோ. ஸ்லிங் நீளமாக இருந்தால் நல்லது என்பதற்கு இதுதான் காரணம். ஐரோப்பியத் தரப்படி செய்த பாலியெஸ்டர் ஸ்லிங்குகளில் ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். வண்டியில் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட்டால் தூக்கக் கூடாது. அது அதற்காகச் செய்ததில்லை. வார்ப்பின் கூர்மையான விளிம்பு படும் இடமெல்லாம் பழைய ரப்பர் ஷீட் வையுங்கள்.

வண்டியில் கட்டும்போது எடையை நம்பாதீர்கள். 'இவ்வளவு கனம், எங்கே நகரப்போகிறது' என்பது தவறான நம்பிக்கை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சரக்கு கட்டும் விதிகள், திடீர் பிரேக்கில் பொருளின் எடையில் 0.8 பங்கு விசை முன்னோக்கியும், திருப்பங்களில் 0.5 பங்கு பக்கவாட்டிலும் வரும் என்று வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. 400 கிலோவுக்கு அது 320 கிலோ. ஓட்டுநர் கேபினை நோக்கி அந்த விசையில் வரும் பொருளை நினைத்துக்கொண்டு கட்டுங்கள். ஸ்கிட்டின் நான்கு மூலையிலிருந்தும் எதிரெதிர்த் திசையில் பெல்ட், முன்பக்கம் அண்டக் கொடுத்து ஆணியடித்த கட்டை, உயரமான மெஷினுக்கு மேல்பாதியில் கூடுதலாக இரண்டு பெல்ட். கைச்சக்கரம், டேபிள், மோட்டார் இவற்றின் மேல் பெல்ட் போகக் கூடாது. வாடகை வண்டி என்றால் ஹைட்ராலிக் பின்தட்டு உள்ளதாகப் பாருங்கள். அந்தத் தட்டின் திறனில் மெஷின், அதைத் தாங்கும் பேலட் டிரக் (இரண்டு ஃபோர்க்குகளை அடியில் நுழைத்துக் கையால் இழுக்கும் வண்டி), மேலே நிற்கும் ஆள் மூன்றின் எடையும் சேரும். இறங்கும்போது மெஷினுடன் தட்டில் யாரும் நிற்காமல் இருப்பதே நல்லது.

உங்களுக்குக் கஷ்டமான பகுதி ஜல்லிதான். பேலட் டிரக்கின் சக்கரங்கள் சிறியவை, கெட்டித் தரைக்கானவை. ஜல்லியில் அச்சு வரை புதையும். பைப்பும் ஓடாது. எனவே ஒரு பாதை போட வேண்டும். 18 மி.மீ. பிளைவுட்டை 600 மி.மீ. அகலத்தில் அறுத்தால் ஒரு முழு ஷீட்டில் 2.4 மீட்டர் நீளத் துண்டுகள் இரண்டு கிடைக்கும். 800 மி.மீ. ஸ்கிட்டுக்கு இரண்டு வரிசையாகப் போடுங்கள். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்கு அடியில் ஒரு பலகைத் துண்டைக் கொடுத்தால் ஒன்று அமுங்கி மற்றது தூக்காது. ஜல்லியை முதலில் மண்வெட்டியால் சமப்படுத்துங்கள், பக்கவாட்டுச் சாய்வு இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். முன்பக்கச் சாய்வைவிடப் பக்கச் சாய்வு மோசமானது. எல்லா இடத்துக்கும் ஷீட் வாங்க வேண்டியதில்லை. கடந்துவந்த துண்டைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போகலாம்.

உருளைக்கு 40 அல்லது 50 மி.மீ. விட்டமுள்ள கனமான இரும்பு பைப், ஸ்கிட்டைவிடக் கொஞ்சம் நீளமாக, ஐந்து துண்டு. எந்த நேரமும் குறைந்தது மூன்று ஸ்கிட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். ஸ்கிட் கட்டைகளின் முன்முனையை அடியில் சரிவாகச் சீவிவிட்டால் பைப் தானாக உள்ளே ஏறும். திரும்ப வேண்டிய இடத்தில் முன் பைப்பைச் சுத்தியலால் தட்டிக் கோணமாக்குங்கள், மெஷின் அந்தப் பக்கம் திரும்பும். பைப்பைக் கையால் உள்ளே தள்ளாதீர்கள். பைப்புக்கும் கட்டைக்கும் நடுவில் விரல் மாட்டும் வேகம் யாராலும் இழுத்துக்கொள்ள முடியாத வேகம். நீளமான பைப்பை வெளியே நீட்டியிருக்கும் முனையில் பிடித்து வையுங்கள், அல்லது காலணி முனையால் உருட்டிவிடுங்கள்.

மெஷினை பைப் மேல் ஏற்ற ஒரு கடப்பாரையும் கட்டைத் துண்டுகளும் போதும். நெம்பும் புள்ளிக்குப் பக்கத்தில், 1.5 மீட்டர் கடப்பாரையின் முனையிலிருந்து 10 செ.மீ. தள்ளித் தாங்குகட்டை வைத்தால், கையால் கொடுக்கும் விசை 14 மடங்காகிறது. ஒரு முனையைத் தூக்க மெஷின் எடையில் பாதிதான் வேண்டும் என்பதால், 400 கிலோவுக்குக் கையால் 15 கிலோ அழுத்தினால் ஒரு பக்கம் எழும். ஒருவர் நெம்ப, இன்னொருவர் நீளமான குச்சியால் பேக்கிங் கட்டையை உள்ளே தள்ளுவார். ஒரு தடவைக்கு 20, 25 மி.மீ. போதும். அப்புறம் மறுபக்கம். இப்படி மாறி மாறி, கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி எவ்வளவு உயரத்துக்கும் ஏற்றலாம். மெதுவான வேலைதான். ஆனால் எந்தக் கணத்தில் நெம்புகோல் வழுக்கினாலும் மெஷின் விழும் தூரம் ஒரு அங்குலம் மட்டுமே என்பதற்காக எவ்வளவு நேரமும் செலவழிக்கலாம்.

இப்போது அந்த 2 படிகள். மொத்தம் 300 மி.மீ. ஏற்றம். 2.4 மீட்டர் நீளத்துக்குச் சாய்வுத்தளம் போட்டால் 8க்கு 1 என்ற சரிவு, அதாவது 7 டிகிரி. பிளேனருக்கு ஏறும் விசை 50 கிலோ, உருளும் உராய்வையும் சேர்த்தால் 70 கிலோ வரை. இதைத் தோளால் தள்ளி ஏற்ற முடியும் என்று தோன்றும், தயவுசெய்து செய்யாதீர்கள். ஏறும் மெஷினுக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கவே கூடாது. கயிற்றைச் சுற்றி இழுக்கும், கையால் இயக்கும் வின்ச் ஒன்றால் உள்ளிருந்து இழுங்கள். ஒவ்வொரு பல்லாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி மூச்சு விடலாம். வின்சை எங்கே கட்டுவது? எதிர்ச்சுவரில் ஜன்னலோ கதவோ இருந்தால், அதற்கு வெளிப்பக்கமாக 100 × 100 மி.மீ. கட்டையைக் குறுக்கே போட்டுச் சுவர் இருபக்கமும் தாங்கும்படி வைத்து, அதில் கட்டுங்கள். செங்கல் சுவரில் ஒற்றை ஆங்கர் போல்ட் அடித்து நம்ப வேண்டாம். கார் கொக்கியில் கட்டிக் காரால் இழுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். எங்கேயாவது தடுக்கினால் ஓட்டுபவருக்குத் தெரியாது.

சாய்வுத்தளத்துக்கு 50 மி.மீ. கனமுள்ள பலகைகள், நடுவில் இரண்டு இடத்தில் முட்டுக்கட்டை, மேல்முனை படியிலிருந்து நழுவாதபடி அடியில் ஒரு குறுக்குக்கட்டை. சரிவில் பைப் வைக்காதீர்கள், ஸ்கிட்டையே பலகை மேல் சறுக்க விடுங்கள். உராய்வால் இழுவை பல மடங்கு கூடும், ஒரு டன் வின்சுக்கு அது பொருட்டில்லை. பதிலுக்கு, வின்ச் கயிறு விட்டாலும் மெஷின் இருந்த இடத்திலேயே நிற்கும். இந்தப் பாதுகாப்பை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பின்னால் ஓர் ஆள் பக்கவாட்டில் நின்று, ஒவ்வொரு அடிக்கும் ஸ்கிட்டுக்குப் பின்னால் ஆப்புக் கட்டையை நீளக் குச்சியால் நகர்த்திக்கொண்டே வரட்டும்.

பேண்ட்சாவை மட்டும் படுக்க வைத்துக் கொண்டுபோவதே என் பரிந்துரை. நிலை உயரப் பிரச்சினையும் தீரும், கவிழும் பயமும் போகும். சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் தூண் பக்கம் கீழே வரும்படி, பழைய மெத்தை மேலே விரித்த நீளமான ஸ்கிட்டில் படுக்க வையுங்கள். அந்தப் பக்கம் ஸ்விட்சோ கைச்சக்கரமோ நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் கழற்றுங்கள். பின்புறம் தொங்கும் மோட்டாரை இங்கே கழற்றிவிடலாம். படுத்த மெஷினுக்கு முன்சொன்ன எடை மையக் கவலை இல்லை. படுக்க வைப்பதும் நிமிர்த்துவதும் சிறு கிரேனால் நடக்கட்டும், அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தாலும் சரி. நிமிர்த்தத் தொடங்கும்போது மேல்முனையில் 150 கிலோ வரும். எழ எழக் குறைந்து, சமநிலைப் புள்ளியைத் தாண்டியதும் மெஷின் தானாகக் காலில் போய் விழப் பார்க்கும். அந்த நொடிக்காகப் படுத்திருந்த பக்கத்திலிருந்து ஒரு கயிறு கட்டிப் பின்னிழுத்துப் பிடித்திருங்கள். கூரை உயரத்தையும் பாருங்கள்: எழும்போது மூலைவிட்டம்தான் மேலே முட்டும். 1.9 மீட்டர் உயரமும் 0.7 மீட்டர் ஆழமும் உள்ள மெஷினுக்கு அது 2.02 மீட்டர், அதற்கு மேல் கிரேன் கைக்கும் இடம் வேண்டும்.

ஆட்களைப் பற்றி. நீங்கள் மூன்று பேர் போதும், ஆனால் கட்டளை ஒருவரிடமிருந்துதான் வர வேண்டும். 'நிறுத்து' என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்லலாம், சொன்ன உடனே எல்லோரும் நிற்க வேண்டும், காரணம் அப்புறம் கேட்கலாம். மெஷின் சாயத் தொடங்கினால் விட்டுவிட்டு விலகி ஓடுங்கள். பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் ஓடுவார் என்பதை வேலையைத் தொடங்கும் முன் வாய்விட்டுப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். உடைந்த மெஷினுக்கு மாற்று கிடைக்கும்.

உள்ளே எது முதலில்? கதவிலிருந்து தூரத்தில் நிற்கப்போவது முதலில். தரையில் சாக்பீஸால் வரைந்து, பலகை ஓடும் தூரத்தையும் சேர்த்து யோசியுங்கள். 2 மீட்டர் பலகையை இழைக்க பிளேனரின் இருபுறமும் 2 மீட்டர் வேண்டும், 2440 மி.மீ. ஷீட்டை அறுக்க டேபிள் சாவுக்கு முன்னும் பின்னும் அவ்வளவு. சுவரோரம் நிற்கும் பேண்ட்சாவின் வெட்டும் திசையைக் கதவுக்கு நேராகத் திருப்பினால் நீளமான மரம் வெளியே வரை போகலாம். சர்ஃபேஸ் பிளேனரின் டேபிள் உயரம் மற்ற மெஷின்களில் ஓடும் பலகைக்குக் குறுக்கே வராமலிருந்தால் இடம் இன்னும் மிச்சம்.

தளம் கான்கிரீட்டாக இருந்தால் இந்த எடைகளை அது சாதாரணமாகத் தாங்கும். டைல்ஸ் ஒட்டியிருந்தால் தட்டிப் பாருங்கள்; வெற்றுச் சத்தம் வரும் டைல் ஒரு கடப்பாரை முனைக்கே உடையும், பிளைவுட் விரிக்காமல் எதையும் உருட்டாதீர்கள். மரச்சட்டத்தின் மேல் போட்ட தளம் என்றால் கட்டாயம் கணக்குப் பார்க்க வேண்டும்: பல நாட்டுக் கட்டட விதிகளில் வீட்டுத் தளத்துக்கான பாரம் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரைதான். அரை சதுர மீட்டரில் நிற்கும் 400 கிலோ பிளேனருக்கு அங்கே கீழிருந்து முட்டு கொடுக்க வேண்டும்.

மெஷினை ஸ்கிட்டிலிருந்து இறக்குவதும் அதே கடப்பாரை, அதே கட்டை அடுக்கு வேலைதான், தலைகீழாக. இறங்கியதும் நான்கு காலும் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு கால் அந்தரத்தில் இருக்கும்போது போல்ட் இறுக்கினால் அடிப்பாகமே முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கு பிளேனர் டேபிள் வரை தெரியும். முதலில் தகடு கொடுத்துச் சமப்படுத்திவிட்டு, பிறகு இறுக்குங்கள். அப்புறம் ஒரு நேரான கம்பியை இரண்டு டேபிள்களின் மேலும் குறுக்கும் மூலைவிட்டமுமாக வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பயணத்தில் எதுவும் அசையவில்லை என்று முடிவு கட்டும் முன் இந்தச் சோதனை அவசியம்.

மின் இணைப்பை லைசென்ஸ் உள்ளவரிடம் கொடுங்கள். விஎஃப்டி போட்டால் மெஷினில் இருக்கும் பழைய ஸ்விட்சை அதற்கும் மோட்டாருக்கும் நடுவில் வைக்கக் கூடாது. ஓடும்போது அந்த இணைப்பை அறுத்தால் டிரைவ் பழுதாகலாம், ஸ்டார்ட்டும் ஸ்டாப்பும் டிரைவின் கட்டுப்பாட்டு வயரில் வர வேண்டும். முதல் தடவை ஓட்டும்போது பிளேடும் கத்தியும் பெல்ட்டும் எதுவும் வேண்டாம். வெறும் மோட்டாரை ஒரு நொடி தட்டிவிட்டு, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். த்ரீ ஃபேஸில் திசை மாறுவதற்கு இரண்டு வயர் இடம் மாறியிருந்தாலே போதும். தலைகீழாகச் சுற்றும் டேபிள் சா பிளேடு நட்டைத் தளர்த்திவிடக் கூடும், பிளேனர் மரத்தை நீங்கள் எதிர்பார்க்காத பக்கம் இழுக்கும். திசை தவறாக இருந்தால் எந்த இரண்டு ஃபேஸ் வயரையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். பிறகு பாதுகாப்பு மூடிகள் எல்லாவற்றையும் மாட்டி, கத்தியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்துவிட்டு, பலகை ஒன்றை மெல்லிய சீவலாக இழைத்துப் பாருங்கள். ஓரிரு வாரம் வேலை செய்தபின் அடிப்போல்ட்டுகளையும் டேபிள் சமத்தையும் மறுபடி சரிபாருங்கள். அடியில் கொடுத்த தகடுகள் அழுந்திப் படிவதற்கு அவ்வளவு நாள் எடுக்கும்.